லாரியில் ஏறிய வண்டி... அடிபட்டால் யார் பொறுப்பு?

அறுவடை மெஷின் முதல் பைக் பார்சல் வரை: டெல்டாவில் தொடரும் சேதக் கணக்கு

தை மாதத்து விடியல். ஒரத்தநாடு பக்கம், புது ஆற்றங்கரையில் லாரி ஒன்று பின்பக்கமாக ஊர்ந்து வந்து மண்மேட்டில் முட்டி நிற்கிறது. மேலே பெல்ட் பூட்டிய நெல் அறுவடை மெஷின். ஆத்தூர்ப் பக்கமிருந்து இரவு முழுக்கப் பயணம். லாரித் தளத்துக்கும் மேட்டுக்கும் நடுவே பலகை போட்டு, ஆபரேட்டர் மெஷினை அங்குலம் அங்குலமாக இறக்குகிறார். தரையைத் தொட்ட பிறகுதான் கண்ணில் படுகிறது: நெல் கொட்டும் குழாய் வளைந்திருக்கிறது, கேபின் கூரை ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. வழியில் ஏதோ ஒரு புளியமரக் கிளையின் வேலை.

லாரி டிரைவர் போனை நீட்டுகிறார். மறுமுனையில் லாரி ஆபீஸ்காரர். “பாத்துக்கலாங்கண்ணே... வாடகைல கொஞ்சம் கழிச்சுக்குங்க. இப்பக் கையெழுத்தப் போட்டு வண்டிய அனுப்புங்க, அடுத்த லோடு நிக்குது.”

வயலில் கதிர் சாய்ந்து கிடக்கிறது. வரப்பில் விவசாயி நிற்கிறார். வாதாட நேரமில்லை. மெஷின்காரர் கையெழுத்துப் போடுகிறார். அந்தத் தாளில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும் வரி: ‘பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.’

சம்பா அறுவடை நாட்களில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எங்காவது ஒரு கரையோரம் அன்றாடம் காணக்கூடிய காட்சிதான் இது. மெஷினுக்குப் பதில் சென்னையிலிருந்து பார்சலில் வந்த பைக்காக இருக்கலாம். வீடு மாறும்போது பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஏற்றிவந்த காராக இருக்கலாம். சேதம் வேறு, வசனம் ஒன்றுதான்: “பாத்துக்கலாம்.” உண்மையில் சட்டம் வண்டிக்காரர் பக்கமே நிற்கிறது. பெரும்பாலானோர் தோற்பது நீதிமன்றத்தில் அல்ல. புக்கிங் செய்யும் மேஜையிலும் இறக்கும் இடத்திலும்தான்.

வண்டி ஏன் லாரி ஏறுகிறது?

டயர் மெஷின் சாலையில் தானே ஓடி வந்துவிடும். ஆனால் வடகிழக்குப் பருவமழை ஊறிய சம்பா, தாளடி வயலில் டயர் புதைந்துவிடும். சேற்றில் இறங்க பெல்ட் மெஷின்தான் வேண்டும். பெல்ட் மெஷினோ தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓட முடியாது. ஆகவே ஊர் விட்டு ஊர், சில சமயம் வயல் விட்டு வயல் போவதற்குக்கூட அதற்கு லாரி தேவை. அறுவடைக் கூலியாட்கள் குறைந்துபோன டெல்டாவில், தை, மாசி மாதங்களில் வெளிமாவட்ட மெஷின்களை நம்பித்தான் பெரும்பகுதி அறுவடை நடக்கிறது. சாலைக்குத் தாழ்ந்த மின்கம்பியும் மரக்கிளையும், மண்மேட்டில் இறக்கும் ஆபத்தும் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு.

இன்னொரு பக்கம், பிழைப்புக்காகச் சென்னை, கோவை, பெங்களூரு போன டெல்டாப் பிள்ளைகள். படிப்பு முடிந்தால் பைக் ஊர் திரும்பும். வேலை கிடைத்தால் பைக் ஊரைவிட்டுக் கிளம்பும். பார்சல் லாரி, ஆம்னி பஸ், ரயில் என்று வழி எதுவானாலும் டேங்கில் கீறல், உடைந்த இண்டிகேட்டர், வளைந்த ஹேண்டில்பார் என்ற புகார் மாறுவதில்லை.

ஒரு குழாய் வளைந்தால்...

மெஷின் சேதத்தின் செலவு பட்டறைப் பில்லோடு முடிவதில்லை. அறுவடைப் பருவம் சில வாரங்கள்தான். உதிரிப் பாகம் வர இரண்டு நாள் ஆனாலும் அந்த இரண்டு நாள் வாடகை போனது போனதுதான். மெஷின் கடனுக்கான தவணை மட்டும் நிற்காது.

வயல்காரருக்கு இன்னும் மோசம். முற்றிய கதிர் சாய்ந்து, அதன்மேல் ஒரு மழை விழுந்தால் நெல் ஈரம் ஏறும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்தின் வழக்கமான உச்சவரம்பு 17 சதவீதம். அதைத் தாண்டினால் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டும். காயவைக்க இடமும் வெயிலும் வேண்டும். ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி டெல்டா விவசாயிகள் மறுபடி மறுபடி குரல் எழுப்புவதன் பின்னணியில் இப்படிப்பட்ட தாமதங்களும் இருக்கின்றன.

இந்த இழப்பையெல்லாம் லாரி கம்பெனி தலையில் கட்ட முடியுமா? இங்கேதான் முதல் ஏமாற்றம். புக் செய்யும்போது எழுத்தில் ஒப்புக்கொண்ட கால அளவு வரையிலான தாமதத்துக்கும் அதன் தொடர் இழப்புகளுக்கும் போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பு, வாடகைத் தொகை அளவுக்குத்தான் என்கிறது சட்டம். 15,000 ரூபாய் வாடகை என்றால் தொடர் இழப்புக்கு அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. ஆகவே, வண்டிக்கு நேர்ந்த நேரடிச் சேதத்தையாவது முழுமையாக வாங்குவதே விவரமான வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது 1861-இல். நான்கு ஆண்டு கழித்து, 1865-இல், சரக்கு சுமப்பவர்களுக்கான சட்டத்தை ஆங்கிலேய அரசு கொண்டுவந்தது. லாரி என்பதையே அறியாத அந்தச் சட்டம்தான் நூற்றாண்டுக்கும் மேல் நம் லாரிகளை ஆண்டது. அதற்கு மாற்றாகச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இல் நிறைவேறி, 2011 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலும் அடிப்படை ஒன்றே. பொருளை நல்ல நிலையில் ஒப்படைத்தீர்கள், சேதத்தோடு திரும்பப் பெற்றீர்கள் என்று காட்டினால் போதும். லாரிக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. தன்மேல் தவறில்லை என்று காட்டுவது அவர் பாடு.

அவர் தப்பிக்கச் சில வாசல்கள்தான் உண்டு: இயற்கைச் சீற்றம், போர், கலவரம், சட்டப்படியான பறிமுதல், அரசு உத்தரவு போன்றவை. அவற்றிலும் நிபந்தனை உண்டு. உரிய கவனம் எடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றால் பொறுப்பு நீங்காது. 2018 நவம்பரில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்த இரவில் மரம் விழுந்து வண்டி நசுங்கியது என்றால் அது ஒரு வாதம். ஐப்பசி மழையில் தார்ப்பாய் கட்டாமல் நனைந்ததும், சாலையோரக் கிளை இடித்ததும் இயற்கைச் சீற்றக் கணக்கில் வராது.

‘நான் வெறும் புரோக்கர், லாரி என்னுடையதல்ல’ என்பது அடுத்த பதில். சட்டத்தின் விளக்கத்தில் புக்கிங் கம்பெனி, ஒப்பந்தக்காரர், ஏஜென்ட், புரோக்கர் எல்லோருமே அடக்கம். உங்களிடம் பணம் வாங்கி ரசீது கொடுத்தவர் யாரோ, அவர் கைகழுவ முடியாது.

ரசீதின் பின்பக்கம்

எல்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் லாரி ரசீதின் பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும்படியான ஆங்கில எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். பலரைப் பயமுறுத்தி வழக்கைக் கைவிட வைப்பவை இரண்டு.

ஒன்று, ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ முத்திரை. உரிமையாளர் பொறுப்பில்தான் சரக்கு போகிறது என்பது அதன் பொருள். இந்த முத்திரை குத்திவிட்டதாலேயே நிறுவனமோ அதன் ஆட்களோ செய்த கவனக்குறைவுக்கான பொறுப்பு போய்விடாது என்று நாத் பிரதர்ஸ் எக்ஸிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கிவிட்டது.

இரண்டு, ‘வழக்கு எதுவானாலும் மும்பை நீதிமன்றத்தில் மட்டுமே’ என்பது போன்ற வரி. இதை உடைத்தது தமிழ்நாட்டு வழக்கு ஒன்று. போடிநாயக்கனூரிலிருந்து டெல்லிக்கு ஏலக்காய் மூட்டைகள் போயின. டெல்லிக் கிடங்கில் தீப்பிடித்துச் சரக்கு கெட்டது. ஏலக்காய் நிறுவனம் பெரியகுளம் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஒப்பந்தப்படி மும்பையில்தான் வழக்குப் போட முடியும் என்றது பட்டேல் ரோடுவேஸ். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991-இல் வந்த தீர்ப்பு: கிளை அலுவலகம் இருக்கும் ஊரில்தான் ஒப்பந்தம் நடந்தது, வழக்குக்கான காரணமும் அங்கேதான் எழுந்தது, தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறது என்பதற்காக, சட்டப்படி அதிகாரமே இல்லாத நீதிமன்றத்துக்கு இரு தரப்பும் பேசிவைத்து அதிகாரம் கொடுத்துவிட முடியாது. போடி ஏலக்காய்க்குப் பொருந்தியது தஞ்சாவூர்க் கிளையில் புக் செய்த பைக்குக்கும் பொருந்தும்.

பெட்டிச் செய்தி 1: கையெழுத்துக்கு முன்

● புக் செய்யும்போது வண்டியை நான்கு பக்கமும் போட்டோ, வீடியோ எடுங்கள். ஓடோமீட்டர் எண்ணும் தேதியும் தெரியட்டும்.

● வண்டியின் இன்றைய மதிப்பை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பழைய கீறல்கள் இருந்தால் அவற்றையும் எழுதிவிடுங்கள். பின்னால் ‘எல்லாமே பழைய கீறல்’ என்று சொல்ல இடமிருக்காது.

● நிறுவனத்துக்குச் சரக்குப் போக்குவரத்துப் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். 2007 சட்டப்படி பதிவு கட்டாயம்.

● ‘டிரான்சிட் இன்சூரன்ஸ்’ என்று தனியாகப் பணம் வாங்கினால் பாலிசி அல்லது சான்றிதழ் நகலைக் கையோடு வாங்குங்கள். நகல் தராவிட்டால், இன்சூரன்ஸே எடுக்காமல் வாங்கிய பணமாக இருக்கலாம்.

● இறக்கும்போது லாரி மேலேயே வைத்து ஒரு வீடியோ, இறக்கிய பிறகு ஒன்று.

● சேதம் இருந்தால் டெலிவரி காப்பியில் உங்கள் கையால் தமிழிலேயே எழுதுங்கள்: ‘இன்ன இன்ன சேதத்துடன் பெற்றுக்கொண்டேன்.’ அதன் கீழே டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ‘டிரைவர் கையெழுத்திட மறுத்தார்’ என்று எழுதி, படம் எடுத்து, அந்த நிமிடமே நிறுவனத்தின் வாட்ஸ்அப்புக்கும் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள்.

● வெற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? வழக்கு செத்துவிடாது, பலவீனமாகும். அன்றே படங்களோடு எழுத்தில் புகார் அனுப்பினால் பாதிச் சேதாரம் சரியாகும்.

பத்து மடங்குப் பூட்டு

பொறுப்பு லாரிக்காரருடையது. சரி, எவ்வளவுக்கு? இதுதான் பலருக்கும் தெரியாத பகுதி.

2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்குக்கு மேல் போகாது. அதுவும் ரசீதில் குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டாது. கூடுதல் கட்டணம் செலுத்தி ‘அதிக ஆபத்து விகிதம்’ என்ற முறையில் புக் செய்திருந்தால் மட்டுமே இந்த உச்சவரம்பு விலகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பைக்குக்கு வாடகை 3,000 ரூபாய் என்றால் பொறுப்பு அதிகபட்சம் 30,000. கீறலுக்கும் உடைந்த விளக்குக்கும் இது தாராளமாகப் போதும். ஆனால் வண்டியே நொறுங்கிப்போனால்? அறுவடை மெஷினுக்கு 15,000 ரூபாய் வாடகை என்றால் உச்சவரம்பு ஒன்றரை லட்சம். பல லட்ச ரூபாய் மெஷின் லாரியிலிருந்து கவிழ்ந்தால் அது எந்த மூலைக்கு?

வாடகை பேசும்போது ஆயிரம் ரூபாயைக் குறைப்பதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். அந்த ஆயிரம், நிறுவனத்தின் பொறுப்பில் பத்தாயிரத்தைக் குறைத்துவிடுகிறது. ரசீதே இல்லாமல் வாய்ச்சொல்லில் ஏற்றும் பழக்கம் அதைவிட ஆபத்து. எவ்வளவு வாடகை என்பதையே பின்னால் நிரூபிக்க வேண்டியிருக்கும். நிறுவனத்தின் ஆட்களே திருடி விற்றது போன்ற குற்றச் செயலால் ஏற்பட்ட இழப்புக்கு நிறுவனம் தனியே பொறுப்பாகும் என்பதையும் சட்டம் சொல்கிறது.

கையிலிருக்கும் பாலிசியை மறந்துவிடுகிறோம்

வண்டி லாரியில் இருக்கும்போது நம் மோட்டார் இன்சூரன்ஸ் பேசாது என்று பலரும் நினைக்கிறார்கள். தவறு. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் வழக்கமான மோட்டார் பாலிசியில், தீ, திருட்டு, விபத்து வரிசையிலேயே இன்னொரு வரியும் இருக்கிறது: சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் வழியாக வண்டி எடுத்துச் செல்லப்படும்போது ஏற்படும் சேதம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது இல்லை.

பத்து மடங்குப் பூட்டு இங்கே கிடையாது. ஆனால் கழிவுகள் உண்டு. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கு 50 சதவீதத் தேய்மானம் கழிப்பார்கள், கண்ணாடிக்குக் கழிவில்லை. டிராக்டர், அறுவடை மெஷின் போன்றவற்றில் விளக்கு, மட்கார்டு, பானெட், பெயின்ட் சேதத்துக்குக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் பணம் கிடைக்கும். புதுப்பிக்கும்போது ஏஜென்டிடம் இதைக் கேட்டு வாங்குவது மெஷின்காரர்களுக்கு மிக முக்கியம்.

கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை வளரும் சலுகை. ஆகவே நாலாயிரம் ரூபாய்ச் சேதத்துக்கு லாரி நிறுவனத்திடமே வாங்கப் பாருங்கள். பெரிய சேதத்துக்கு இன்சூரன்ஸை அழையுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை வண்டியைப் பிரித்து வேலை பார்க்கக் கூடாது. அவசரமாக வயலில் இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லி, படம் அனுப்பி, கழற்றிய பாகத்தைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இன்சூரன்ஸ் பணம் கொடுத்த பிறகு, லாரி நிறுவனத்திடம் வசூலிக்கும் உரிமை அதற்குப் போகிறது. எகனாமிக் டிரான்ஸ்போர்ட் - சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2010-இல் இதை விரிவாக அலசி, காப்பீடு எடுத்தவரின் பெயரிலோ அவரோடு சேர்ந்தோ இன்சூரன்ஸ் நிறுவனம் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்றது. அதனால், லாரிக்காரர் நீட்டும் ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு ‘இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், உங்கள் பெரிய கிளெய்முக்கு நீங்களே வேட்டு வைத்ததாக ஆகிவிடும்.

பெட்டிச் செய்தி 2: கெடு நாட்கள்

● லாரி நிறுவனத்துக்கு எழுத்துபூர்வ நோட்டீஸ்: புக் செய்த நாளிலிருந்து 180 நாள். டெலிவரி நாளிலிருந்து அல்ல. நோட்டீஸ் இல்லாமல் வழக்கு நிற்காது. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புவது நல்லது.

● நுகர்வோர் ஆணையம்: 2 ஆண்டு.

● சிவில் நீதிமன்றம்: 3 ஆண்டு.

● சாலை விபத்துச் சேதத்துக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்: 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி 6 மாதம். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருந்தாலும், கெடுவுக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு.

● ரயில்வேக்கு நோட்டீஸ்: 6 மாதம்.

லாரி வந்து இடித்தால்

இதுவரை பார்த்தது நாமே ஏற்றி அனுப்பிய வண்டி. நிறுத்தி வைத்த காரைச் சரக்கு லாரி உரசிவிட்டுப் போனால் சட்டம் வேறு. கொள்முதல் காலத்தில் நெல் மூட்டை லாரிகள் கிடங்கு வாசலில் வரிசை கட்டுவதையும், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டிகள் மணிக்கணக்கில் நெருக்கியடித்து நிற்பதையும் டெல்டாவாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

இங்கே ரசீதும் இல்லை, பத்து மடங்கும் இல்லை. லாரியின் இன்சூரன்ஸ்தான் ஆதாரம். சரக்கு வாகனப் பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்குப் பொதுவாக ரூ.7.5 லட்சம் வரை காப்பு உண்டு. பிரீமியத்தில் சில ரூபாய் மிச்சம் பிடிக்க, இதை வெறும் 6,000 ரூபாயாகக் குறைத்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். மீதியை லாரி உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் லாரியின் எண், டிரைவரின் உரிமம், பாலிசி எண் மூன்றையும் படமெடுங்கள். வண்டிகளை நகர்த்துவதற்கு முன் நின்ற நிலையிலேயே படமெடுங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், யாருக்காவது காயம் என்றாலோ, இழப்பீடு பெரிது என்றாலோ எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். உங்கள் இன்சூரன்ஸில் பழுது பார்த்துவிட்டால், அது தராத தொகையை மட்டுமே எதிர்த்தரப்பிடம் கேட்கலாம். ஒரே சேதத்துக்கு இருமுறை வாங்க முடியாது.

அரசுப் பேருந்து இடித்தால்?

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம், ஒரு காலத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் என்று அறியப்பட்டது. 1972-இல் தொடங்கியது. தஞ்சையிலிருந்து ராமநாதபுரம் வரை அதன் பேருந்துகள் ஓடுகின்றன. தனியார் லாரிக்கும் அரசுப் பேருந்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தங்களுக்கென ஒரு நிதியம் வைத்துக்கொண்டு, கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு இடம் தருகிறது. அதனால் நீங்கள் பேச வேண்டியது இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் அல்ல, கழகத்திடமே.

டிப்போ கிளை மேலாளரிடம் எழுத்துபூர்வமாக மனு, காவல் நிலையத்தில் புகார், பிறகு தீர்ப்பாயம். தவறை நிரூபிப்பது எப்படி என்ற கவலைக்கு, கழகமே தொடுத்த ஒரு வழக்கில் பதில் இருக்கிறது. விபத்துக்காகப் பணிநீக்கம் செய்யப்பட்ட ஓட்டுநர் ஒருவர் தொடர்பாகச் சோழன் போக்குவரத்துக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 2004 டிசம்பரில் வந்த தீர்ப்பில், விபத்து நடந்த விதமே கவனக்குறைவைச் சொல்லிவிடும் சூழல்களில், தன் தவறில்லை என்று விளக்குவது ஓட்டுநர் பொறுப்பு என்றது நீதிமன்றம். நிறுத்தியிருந்த காரின் பின்னால் பேருந்து மோதினால், காரா பேருந்தா என்ற கேள்விக்கே இடமில்லை.

தீர்ப்பு வந்தும் பணம் வராதபோது என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு அடிக்கடி பார்த்திருக்கிறது. நிறைவேற்று மனு போட்டு, நீதிமன்ற அமீனா வந்து, பயணிகளை இறக்கிவிட்டுப் பேருந்தை ஜப்தி செய்வார். ஊர் வேடிக்கை பார்க்கும். இழப்பீட்டைச் சொன்ன நாளில் கட்டியிருந்தால் வட்டியும் அவமானமும் மிச்சமாகியிருக்கும். அந்த வட்டியும் நாம் வாங்கும் டிக்கெட்டிலிருந்தே போகிறது.

எந்தக் கதவைத் தட்டுவது?

சொந்தப் பைக், காருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே எளிது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நீங்கள் செலுத்திய கட்டணத்தை வைத்தே வழக்கின் அளவைக் கணக்கிடுவார்கள். அது 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. சில ஆயிரம் ரூபாய் லாரி வாடகை இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். அதற்கும் முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

மெஷின்காரர்களுக்கு ஒரு சிக்கல். வணிக நோக்கத்துக்குப் பெற்ற சேவை என்றால் நுகர்வோர் ஆணையம் ஏற்காது. ஆனால் ஒரே மெஷினை வைத்துச் சொந்த உழைப்பில் குடும்பம் நடத்துபவர், சுயதொழில் பிழைப்பு என்ற விதிவிலக்கைக் காட்டி வாதிடலாம். பல மெஷின் வைத்து ஆபரேட்டர் போட்டு ஓட்டுபவர் சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே யாரும் அதிகம் தட்டாத கதவு ஒன்று உண்டு: நிரந்தர மக்கள் நீதிமன்றம். சாலை, நீர், வான்வழிச் சரக்குப் போக்குவரத்தைச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் ‘பொதுப் பயன்பாட்டுச் சேவை’ என்கிறது. ஒரு கோடி ரூபாய் வரையிலான தகராறுகளை அங்கே பேசித் தீர்க்கலாம். சமரசம் ஆகாவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லலாம். விவரம் கேட்க மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தை அணுகலாம். இன்சூரன்ஸ் நிறுவனம் இழுத்தடித்தால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம்.

பெட்டிச் செய்தி 3: ரயிலில் பைக்

தஞ்சாவூர் சந்திப்பில் பைக்கைப் பார்சல் போடுபவர்கள் கவனிக்க: பெட்ரோலை முழுதாக வடித்துவிட வேண்டும், ஆர்.சி. நகல் வேண்டும், பேக்கிங் நம் பொறுப்பு. மதிப்பை அறிவித்து அதற்குரிய கூடுதல் சதவீதக் கட்டணம் கட்டாவிட்டால் ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு ரூ.50 மட்டுமே. 110 கிலோ பைக் காணாமலே போனாலும் 5,500 ரூபாய். வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் அல்ல. ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில். தமிழ்நாட்டுக்கு அதன் அமர்வு சென்னையில்.

லாரிக்காரர் தரப்பு

அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. சீசனில் ஒரே இரவில் இரண்டு லோடு அடிக்கச் சொல்லி நெருக்குவது மெஷின் உரிமையாளர்களே. ரசீது கேட்காதவர்கள், வரிக்குப் பயந்து மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்பவர்கள், கூடுதல் விகிதக் கட்டணத்தைச் சொன்னால் அடுத்த ஆபீஸுக்குப் போய்விடுபவர்கள் வாடிக்கையாளர்கள்தான். ஒற்றை லாரி வைத்திருப்பவர், தவணையும் டீசலும் சுங்கமும் போக மிஞ்சுவதில் ஒன்றரை லட்சம் இழப்பீட்டை எங்கிருந்து தருவார்? சரக்குக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்து, அதை வாடகையில் வெளிப்படையாகச் சேர்த்துச் சொல்லும் நிறுவனங்களுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

மாற வேண்டியது மூன்று

முதலாவது, ரசீது தமிழில் வர வேண்டும். வாங்குபவருக்குப் புரியாத மொழியில், படிக்க முடியாத அளவில் அச்சடித்த நிபந்தனையை வைத்துக்கொண்டு ‘நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்’ என்று கேட்பது நியாயமல்ல. பத்து மடங்கு வரம்பும் கூடுதல் விகிதக் கட்டணமும் புக்கிங் மேஜைக்கு மேலே பலகையில் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது, பதிவு இல்லாத சரக்கு நிறுவனங்களைப் போக்குவரத்துத் துறை தேடிப் பிடிக்க வேண்டும். முதல்முறை விதி மீறினால் 2007 சட்டம் விதிக்கும் அபராதம் ரூ.5,000 வரைதான், ஒரு லோடு வாடகையில் அடங்கிவிடும் தொகை. இதற்குப் பயந்து யாரும் திருந்தப்போவதில்லை.

மூன்றாவது, அறுவடை தொடங்கும் முன் மாவட்ட ஆட்சியர்கள் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் மெஷின் வாடகையைப் பற்றிப் பேசுவதோடு, மெஷினைக் கொண்டுவரும் லாரிகளின் ரசீதும் இன்சூரன்ஸும் பற்றியும் பேச வேண்டும். தாழ்ந்த மின்கம்பிகளையும் சாலைமேல் கவிந்த கிளைகளையும் மார்கழிக்குள் சரிசெய்தால் பாதிச் சேதம் நடக்கவே நடக்காது.

இவை நடக்கும்வரை வாசகர்கள் செய்யக்கூடியது எளிது. ரசீது இல்லாமல் வண்டியை ஏற்றாதீர்கள். மதிப்பை எழுதாத ரசீதை வாங்காதீர்கள். சேதத்தை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். புக் செய்த நாளிலிருந்து 180 நாளைக் காலண்டரில் குறித்துவைத்து, அதற்குள் நோட்டீஸை அனுப்பிவிடுங்கள்.